முதலில் ஈயம்

மேலே வந்தபோது வள்ளம் இல்லை.
நான் ஒரு சுற்றுப் பார்த்தேன்.
பொலிக்கார்ப்பு ஒரு சுற்றுப் பார்த்தான்.
பிறகு அவன் பார்த்த பக்கத்தை நானும்
நான் பார்த்த பக்கத்தை அவனும்.
பன்னிரண்டு பாகத்துக்குக் கீழே
சங்கு பொறுக்கிய நேரத்துக்குள்
நீவாடு எங்களை எடுத்துப் போயிருந்தது.
வள்ளத்தில் அந்தப் பையன் அமலோற்பவம்
காற்றாடியில் சுற்றிய கயிற்றை
அறுத்துக்கொண்டே கத்தினானாம்.
அது பிறகு கேட்டது.

முதலில் ஈயம்.
இடுப்புப் பட்டையின் கொக்கியைத் தட்டினால்
ஆறு கிலோ போய்விடும்.
ரொசாரி அண்ணன் கணக்கில் பிடிப்பாரே என்று
அந்த நேரத்திலும் தோன்றியது.
தட்டினேன்.
விழுகிற சத்தம் இல்லை,
இடுப்பு மட்டும் திடீரென்று என்னுடையதானது.

மாலில் முப்பத்தேழு சங்கு.
"மூத்தவ நர்சிங் பீஸுலே இது"
என்று பிடித்துக்கொண்டான் பொலிக்கார்ப்பு.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
மூன்றாவது தடவை அலை வாய்க்குள் புகுந்தபின்
ஒவ்வொன்றாக எடுத்து விட்டான்,
சின்னது முதலில்.
பெரியதைக் கொஞ்ச நேரம்
கையில் வைத்துப் பார்த்தான்.
உள்ளே சதை அசைந்தது.
அது வீட்டுக்குப் போகிறது, நாங்கள்தான் இல்லை.

சிலிண்டரை விடவில்லை.
காலியானது மிதக்கும்,
கத்தியால் தட்டினால் ஓசையும் வரும்.
ஜாக்கெட்டுக்கு வாயால் ஊதினோம்,
பலூன்காரர்கள் மாதிரி, மாறி மாறி.

இருட்டியதும் கரை பக்கத்தில் வந்தது.
கூடங்குளத்து விளக்குகள்,
அதற்கு மேலே காற்றாலைகளின் சிவப்புப் புள்ளிகள்
எரிந்து அணைந்து எரிந்து,
வா வா என்பது போல.
"நீந்திருவோம்லே, ரெண்டு மணி நேரம்" என்றான்.
நான் புள்ளிகளை எண்ணினேன்.
எண்ணி முடிப்பதற்குள்
கடைசிப் புள்ளி இடது கைப்பக்கம் நகர்ந்திருந்தது.
சோநீவாடு. வடக்கே இழுக்கிறது.
குறுக்கே நீந்தினால்
கை ஓய்கிற இடத்தில்தான் கரை.
இதன் போக்கிலே கிடந்தால்
உவரிக்காரன் வலை விடுகிற தண்ணீர்.
கரை தேடி வராது, வலைக்காரன் வருவான்.
இதை நான் இத்தனை தெளிவாகச் சொல்லவில்லை.
"போவாத" என்றேன், அவ்வளவுதான்.
அவன் என்னைக் கெட்ட வார்த்தை சொன்னான்.
பிறகு காலை மடக்கிக்கொண்டு
என் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டான், குளிருக்கு.

மால் கயிறு இருந்தது.
அவன் ஜாக்கெட்டையும் என் ஜாக்கெட்டையும்
சேர்த்துக் கட்டினேன்.
தூங்கினாலும் பிரியாமல் இருக்க.
சுருக்கு முடிச்சு:
வாலைப் பிடித்து இழுத்தால் அவிழ்ந்துவிடும்.
அப்படித்தான் கட்ட வேண்டுமென்று
யாரும் சொல்லித் தந்ததில்லை.
கை தானாகப் போட்டது.

நடுச்சாமத்துக்கு மேல் மணப்பாட்டு வெளிச்சம்
அடிவானத்தைத் தடவிவிட்டுப் போனது.
நாக்கு தடித்தது.
"ஒரு வாய், கொப்பளிக்கத்தான்"
என்று கடலில் வாய் வைத்தவன்
முடியைப் பிடித்து இழுத்தேன்.
அப்புறம் நான் வைத்தேன்.
அவன் இழுத்தான்.
ஒரு நேரம் கண் செருகி விழித்தேன்.
அவன் கை எங்கள் இருவருக்கும் நடுவில்
கயிற்றோடு எதையோ செய்துகொண்டிருந்தது.
நான் தூங்குவது போலக் கிடந்தேன்.
ஏன் தடுக்கவில்லை
என்று எத்தனையோ நாள் கேட்டாயிற்று.

கிழக்கு வெளுக்கையில் என்ஜின் சத்தம்.
சிலிண்டரைத் தட்டினோம், தட்டினோம்,
கத்தி முனை உடைந்தது.
வள்ளத்தின் விளிம்பில் எங்களைத் தொங்கவிட்டு
உவரிக்காரர் ஒருவர் முடிச்சோடு மல்லுக்கட்டினார்.
அவிழவில்லை.
"யாருலே இப்பிடி இறுக்குனது?
சாவுறதுக்குன்னே கெட்டுனமாரி?"
என்று அரிவாளால் அறுத்தார்.

நான் போட்ட முடிச்சு இல்லை அது.
மூன்று சுற்று, நடுவில் குறுக்குப் பின்னல்.
பொலிக்கார்ப்பு தண்ணீர் கேட்டான்.
நானும் தண்ணீர் கேட்டேன்.

ரொசாரி அண்ணன் ஈயத்தைக் கணக்கில் பிடிக்கவில்லை.
பிடித்திருக்கலாம்.